காவல் துறை முன்வரலாற்றுச் சரிபார்ப்பு: அணுமின் நிலையம், விமான நிலையம், துறைமுகப் பணிக்குத் தேர்வானவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் பணியமைப்புப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, தேர்வில் வென்று பணி ஆணைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். அவர்களில் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்து, தொழில்நுட்பப் பணிக்குத் தேர்வானவன். ஊரடங்கு நாளில் மருந்து வாங்க பைக்கில் சென்றபோது பிடிபட்டு, காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை மீட்டு வந்ததைத் தவிர அவன் மீது எதுவும் இல்லை. பிரவுசிங் சென்டரில் படிவம் நிரப்பியவர், ‘எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடு, அதுதான் பாதுகாப்பு’ என்று சொன்னதால், கைது, வழக்கு, அபராதம் எனக் கேட்டிருந்த பத்து வரிகளிலும் நீல மையில் ‘இல்லை, இல்லை’ என்று எழுதினான். ஏழு மாதம் கழித்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை என்னிடம் கொண்டு வந்தபோது, பதில் அளிக்க வேண்டிய நாள் கடந்து போயிருந்தது. அவனுடைய வேலையைப் பறித்தது அந்த ஊரடங்கு வழக்கு அல்ல, ‘இல்லை’ என்ற அந்த ஒரு சொல்தான். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஏன் இந்தச் சரிபார்ப்பு

அணு உலை, விமான நிலையம், துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் வெளியிலிருந்து வரும் ஆபத்தை மதிலும் காவலும் தடுக்கும். உள்ளே செல்ல அனுமதி பெற்றவரால் வரும் ஆபத்தை அவற்றால் தடுக்க முடியாது. கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் 2009 நவம்பரில், ஊழியர்கள் பருகும் குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட கன நீர் கலக்கப்பட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அது உள்ளே இருக்கும் ஒருவரின் வேலை என்றே அதிகாரிகள் கருதினர். பெல்ஜியத்தின் டோல் அணுமின் நிலையத்தில் 2014 ஆகஸ்டில் யாரோ சுழலியின் (டர்பைன்) மசகு எண்ணெயை வேண்டுமென்றே வெளியேற்றியதால், ஓர் உலை மாதக்கணக்கில் நின்று போனது. எனவே சரிபார்ப்பே அநியாயம் என்று சினம் கொள்வதில் பயனில்லை. அது எப்படி நடக்கிறது, அதில் உங்கள் கடமை என்ன, உரிமை என்ன என்பதை அறிந்து நடப்பதே பயன் தரும்.

முதல் படி: உங்களுக்கு நடப்பது எந்தச் சரிபார்ப்பு என்று அறியுங்கள்

எல்லாவற்றையும் பொதுவாக ‘போலீஸ் வெரிஃபிகேஷன்’ என்றே சொல்கிறோம். ஆனால் அவை வேறு வேறானவை.

கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்ற அணுசக்தித் துறை நிறுவனங்களில் நிரந்தரப் பணிக்குத் தேர்வானவர்களிடம், ‘அட்டெஸ்டேஷன் ஃபார்ம்’ எனப்படும் சான்றுரைப் படிவத்தோடு சிறப்புப் பாதுகாப்பு வினாப்படிவம் ஒன்றையும் கேட்பார்கள். குடும்பத்தார், வெளிநாட்டில் வாழும் உறவினர், வெளிநாட்டுப் பயணம், தொடர்புகள் என்று அது சாதாரணப் படிவத்தைவிட ஆழமாகச் செல்லும். நிறுவனம் இவற்றை மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும் அனுப்பி அறிக்கை பெறும். பணிமூப்பு, ஓய்வூதியம் எல்லாம் சார்ந்த வேலை என்பதால், இதில் செய்யும் தவறு வாழ்நாள் முழுவதும் தொடரும்.

ஒப்பந்ததாரர் மூலம் செல்லும் தொழிலாளருக்கு நடைமுறை எளிமையானது. சொந்த ஊர்க் காவல் நிலைய எல்லையில் பெற்ற சரிபார்ப்புச் சான்றைக் காட்டினால் நுழைவு அனுமதி கிடைக்கும். தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் மாநிலக் காவல் துறையின் இணையச் சேவையிலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளர்களுக்கு அந்தச் சான்று அவர்களுடைய மாநிலத்திலிருந்துதான் வர வேண்டும். அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அதை வாங்கி வரச் சொல்வது ஒப்பந்ததாரரின் பொறுப்பு. வந்த பிறகு வாரக்கணக்கில் கூலியின்றி வாயிலுக்கு வெளியே காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களுக்கு யாரும் ஈடு தருவதில்லை.

விமான நிலையத்தில் அதிகாரம் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்திடம் இருக்கிறது. 1976 செப்டம்பரில் நடந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானக் கடத்தலுக்குப் பின் 1978-இல் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டு, 1985 கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்புக்குப் பின் 1987-இல் தனித் துறையானது அது. வாயிலில் நின்று நுழைவு பாஸைச் சோதிப்பது மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை. பாஸுக்கு நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, உங்கள் நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். முன்வரலாற்றுச் சரிபார்ப்போடு விமானப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சியும் தேவை. பாஸில் எந்தப் பகுதிகளுக்கான எழுத்துகள் அச்சிடப்பட்டுள்ளனவோ அந்தப் பகுதிகளுக்குள் மட்டுமே அது செல்லுபடியாகும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் நிறுவனத்துக்கும் பாதுகாப்பு ஒப்புதல் தேவை. 2025 மே 15 அன்று, சென்னை உட்பட ஒன்பது விமான நிலையங்களில் தரைச் சேவை செய்துவந்த செலபி நிறுவனத்தின் பாதுகாப்பு ஒப்புதல் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் ஜூலையில் அதை உறுதி செய்தது. அங்கே வேலை செய்த ஊழியர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. வேலையில் சேரும் முன்பு நிறுவனத்தின் ஒப்புதல் நடப்பில் உள்ளதா என்று மனிதவளப் பிரிவிடம் தயங்காமல் கேளுங்கள்.

துறைமுகங்களில் 2004 ஜூலை முதல் பன்னாட்டுக் கப்பல் மற்றும் துறைமுக வசதிப் பாதுகாப்பு விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. நுழைவு அனுமதிக்கான முறை துறைமுகத்துக்குத் துறைமுகம் சற்று மாறும் என்பதால், அந்தந்தத் துறைமுகத்தின் அனுமதிப் பிரிவில் கேட்டறிவதே சரி.

இரண்டாம் படி: படிவம் வரும் முன் உங்களைப் பற்றிய பதிவுகளை நீங்களே தேடுங்கள்

தேர்வு முடிவு வந்த வாரமே இதைத் தொடங்குங்கள். உங்கள் மீது வழக்கு இருப்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஊர்த் திருவிழாத் தகராறு, கல்லூரிப் போராட்டம், சாலை மறியல் போன்றவற்றில் சிலரின் பெயரும் அதற்குப் பின் ‘மற்றும் பலர்’ என்றும் எழுதிய முதல் தகவல் அறிக்கையில், குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது உங்கள் பெயர் சேர்ந்திருக்கலாம்.

2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகள் நீங்கலாக மற்ற முதல் தகவல் அறிக்கைகளைக் காவல் துறை இணையத்தில் வெளியிட வேண்டும். தமிழ்நாடு காவல் துறையின் தளத்தில் அவற்றைப் பார்க்கலாம். நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்குகளை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். உங்கள் பெயரை எழுதக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலிலும், தந்தை பெயரை முன்னும் பின்னும் சேர்த்தும் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞர் ஒருவர் மூலம் நிலையத்தில் விசாரித்து, எழுத்துப்பூர்வமான நிலையறிக்கை பெறுவது நல்லது.

கிடைக்கும் காகிதங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புகார் மனுவுக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வழக்கு ஆகாது. முதல் தகவல் அறிக்கை பதிவான பின்பே வழக்கு உருவாகிறது. விசாரணைக்குப் பின் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டிருந்தால் அதற்கான அறிக்கையின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு இளைஞர்கள் இரண்டு வகை வழக்குகளைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, ஊரடங்கு மீறலுக்காக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் பதிவானவை. ஏறத்தாழ பத்து லட்சம் ஊரடங்கு வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். அறிவிப்பு வந்ததாலேயே உங்கள் வழக்கு எண் முடிந்துவிட்டது என்று கருதாதீர்கள். அந்த எண் உண்மையில் முடிக்கப்பட்டதற்கான காகிதத்தைக் கையில் வாங்குங்கள்.

மற்றொன்று போராட்ட வழக்குகள். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராகப் போராடிய கடற்கரைக் கிராம மக்கள் மீது போடப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதன் பிறகும் தங்கள் பெயர் ஏதோ ஒரு வழக்கில் தொங்கிக்கொண்டிருப்பதை வேலை கிடைக்கும் நேரத்தில்தான் பலர் அறிகிறார்கள். வழக்கு நிலுவையில் இருந்தால், 188-ஆம் பிரிவின் கீழ்க் காவல் துறை தானாக வழக்குப் பதிய இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் அளித்த தீர்ப்பைக் காட்டி, ரத்துக் கோரி மனு செய்யலாமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: பெயரையும் முகவரியையும் ஒழுங்குபடுத்துங்கள்

குற்றமே இல்லாத பலரின் கோப்பு தாமதமாவதற்குக் காரணம் இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘சு. முருகன்’, ஆதாரில் ‘முருகன் சுப்பையா’, பான் அட்டையில் ‘சுப்பையா முருகன்’ என்று இருந்தால், வேறு மாநில அதிகாரிக்கு அவை மூன்று ஆட்கள். படிவத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழின்படியே பெயரை எழுதி, மற்ற வடிவங்களையும் அதற்கான இடத்தில் குறிப்பிடுங்கள். இடம் இல்லையென்றால் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இணையுங்கள்.

முகவரிக்கும் இதே கவனம் தேவை. வழக்கமான படிவம், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து தங்கிய எல்லா இடங்களையும் கேட்கும். ஸ்ரீபெரும்புதூரில் மேன்ஷனில் தங்கி வேலை பார்த்தது, கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தது எல்லாமே இதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுத வேண்டும். செங்கல்பட்டு, தென்காசி போன்ற மாவட்டங்கள் 2019-இல்தான் உருவாயின. தாம்பரம், ஆவடி மாநகரக் காவல் ஆணையரகங்கள் 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கின. ரேஷன் அட்டையில் உள்ள பழைய மாவட்டப் பெயரை அப்படியே எழுதினால், கோப்பு காஞ்சிபுரத்துக்குப் போய் அங்கிருந்து திருப்பப்பட்டுச் செங்கல்பட்டுக்கு வருவதற்குள் இரண்டு மாதம் போய்விடும்.

நான்காம் படி: படிவத்தை நிரப்புதல்

இந்தப் படியில் அவசரம் கூடாது. படிவத்தின் நகலை எடுத்து, முதலில் நகலில் பென்சிலால் நிரப்புங்கள். படிவத்தின் மேலே உள்ள எச்சரிக்கைக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். பொய்த் தகவல் தந்தாலோ உண்மையை மறைத்தாலோ அதுவே தகுதியிழப்பு என்றும், பணியில் சேர்ந்த பிறகு எப்போது தெரிய வந்தாலும் பணிநீக்கம் செய்யலாம் என்றும் அது சொல்கிறது.

பிறகு அந்தப் பத்து வரிகள். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா’ என்பதும் ‘தண்டிக்கப்பட்டீர்களா’ என்பதும் ஒன்றல்ல. நம் பிள்ளைகள் எல்லாக் கேள்விகளையும் ‘நீ குற்றவாளியா’ என்று கேட்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப் பொருள் உண்டு.

நிலையத்தில் கைது செய்து உடனே பிணையில் விட்டிருந்தாலும் அது கைதுதான். நீதிமன்றத்தில் விடுதலையாகியிருந்தாலும், ‘எப்போதாவது வழக்குத் தொடரப்பட்டதா’ என்ற கேள்விக்கு விடை ‘ஆம்’ என்பதே. சமாதானமாகப் போய் ராஜியில் முடிந்த வழக்குக்கும் அதே விடைதான். ‘பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா’ என்ற வரி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளைக் குறிக்கிறது. இன்று அவை புதிய சட்டத்தில் 126, 129 ஆகியுள்ளன. கோயில் திருவிழாவுக்கு முன் இரு தரப்பையும் வருவாய்க் கோட்டாட்சியர் அழைத்து நன்னடத்தைப் பத்திரம் வாங்கியிருந்தால் அது இதில் வரும். ‘நீதிமன்றம் அபராதம் விதித்ததா’ என்ற வரியில், குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் கட்டிய ஐநூறு ரூபாயும் அடங்கும். தேர்வு எழுதத் தடை, பல்கலைக்கழக நடவடிக்கை ஆகியவற்றையும் தனியாகக் கேட்பார்கள்.

‘ஆம்’ என்று எழுதும் இடத்தில் வழக்கு எண், காவல் நிலையம், சட்டப்பிரிவு, நீதிமன்றம், முடிவு, தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். விளக்கம் சுருக்கமாக இருக்கட்டும். ‘பொய் வழக்கு, முன்விரோதத்தால் போட்டார்கள்’ என்று பக்கம் பக்கமாக எழுதுவது கோப்பைப் படிப்பவரைச் சலிப்படையவே செய்யும்.

கேட்காததைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2016 ஜூலை 21 அன்று அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. படிவத்தின் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும், தெளிவற்ற கேள்வியை வைத்து ஒருவர் மறைத்தார் என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. பதினெட்டு வயதுக்கு முன் நடந்தவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, சிறாராக இருந்தபோது நடந்த குற்றத்துக்கான முடிவு தகுதியிழப்பாகாது. பதினாறு வயதைக் கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராக விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. இப்படி ஒன்று இருந்தால் படிவத்தில் கை வைக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

நிரப்பிய படிவத்தை, இணைப்புகள் உட்பட, ஒவ்வொரு பக்கமாகப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகே கொடுங்கள்.

ஐந்தாம் படி: விசாரணைக்கு வரும்போது

தனிப்பிரிவுக் காவலரோ நிலையக் காவலரோ வீட்டுக்கு வருவார், அல்லது நிலையத்துக்கு அழைப்பார். அசல் ஆவணங்களைக் காட்டி நகலை மட்டும் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் இருவரிடம் விசாரிப்பது வழக்கம். முன்பே அவர்களிடம் சொல்லி வைப்பதில் தவறில்லை, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் தவறு. வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுப்பது நம் பண்பாடு, பணம் கொடுப்பது குற்றம். கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் செய்யலாம். உங்கள் கோப்பில் ஒளிக்க எதுவும் இல்லாதபோது நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டிய அறிக்கை எதுவும் இல்லை.

ஆறாம் படி: காத்திருக்கும் காலம்

மத்திய அரசுப் பணிகளில், அறிக்கை வரும் முன்பே தற்காலிகமாகப் பணி ஆணை வழங்கலாம் என்றும், சரிபார்ப்பை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் 2016-இல் மத்தியப் பணியாளர் துறை அறிவுறுத்தியது. அணுமின் நிலையம் போன்ற, பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள நிறுவனங்கள் அறிக்கை வராமல் உள்ளே விடுவதில்லை. ஆறு மாதம் கடந்தால் நிறுவனத்துக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நினைவூட்டல் அனுப்புங்கள். கோப்பு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்பதை மட்டும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம்.

இந்தக் காலத்தில்தான் பலர் அறியாமல் சறுக்குகிறார்கள். படிவம் கொடுத்த பிறகு கைதோ வழக்கோ நேர்ந்தால், அல்லது பழைய வழக்கில் தீர்ப்பு வந்தால், அதை உடனே தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் மறைத்ததாகவே கருதப்படும் என்று அதே எச்சரிக்கைக் குறிப்பில் இருக்கிறது. அண்ணனின் நிலத் தகராறில் உங்கள் பெயரும் நான்காவது குற்றஞ்சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டிருந்தால், அன்றே கடிதம் எழுதி ஒப்புகையோடு அனுப்புங்கள்.

ஏழாம் படி: பாதகமான அறிக்கை வந்தால்

விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது, பதில் அளிக்கத் தந்துள்ள நாள். தீர்ப்பு நகலோ பிற ஆவணங்களோ கைக்கு வரவில்லை என்றால், கூடுதல் அவகாசம் கேட்டு ஒரு வரியாவது அதற்குள் அனுப்பிவிடுங்கள். மௌனமாக இருப்பதை எந்த நீதிமன்றமும் உங்களுக்குச் சாதகமாகப் பார்க்காது.

பதிலில் அவதார் சிங் தீர்ப்பைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னவரையும் நியமித்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அது சொல்கிறது. முன்வரலாற்றை எடைபோடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதே நேரத்தில், இளம் வயதில் கோஷமிட்டது போன்ற அற்பமான வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், சொல்லியிருந்தால் தகுதி பறிபோயிருக்காது என்றால் நிறுவனம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிறிய வழக்கு நிலுவையில் இருப்பதை உண்மையாகச் சொன்னவரை, வழக்கின் முடிவுக்கு உட்பட்டு நியமிக்கலாம். மறைத்தார் என்று சொல்லும் முன், அந்த வழக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது என்பது புலப்பட வேண்டும். பணி நிரந்தரமானவரை இதற்காக நீக்க வேண்டுமானால் துறை விசாரணை நடத்த வேண்டும். பல வழக்குகளை வேண்டுமென்றே மறைத்தவருக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை.

விடுதலைத் தீர்ப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்ற சொற்றொடர் கடும் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படலாம். சாட்சிகள் பிறழ்ந்ததால் வந்த விடுதலையா, உங்களுக்கு எதிராகச் சான்றே இல்லை என்பதால் வந்த விடுதலையா என்பதைத் தீர்ப்பின் வரிகளைக் காட்டிப் பதிலில் விளக்குங்கள்.

நியமனம் ரத்தானால், மத்திய அரசுத் துறைப் பணி என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுக வேண்டும். இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அணுக வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு. தொழிலகப் பாதுகாப்புப் படை போன்ற ஆயுதப் படைகள் அந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வருவதில்லை, அவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். பொதுத்துறை நிறுவனம் என்றால் எங்கே செல்வது என்பது நிறுவனத்தைப் பொறுத்தது.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் நிரப்பிய படிவத்தின் அந்தப் புகைப்படங்கள், தேர்வு முடிவு, பணி ஆணை, வழக்கின் எல்லா ஆவணங்கள், நிறுவனத்தின் கடிதம் வந்த உறை ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளைக் காட்ட அதன் மேலுள்ள தபால் முத்திரை உதவும்.